கடலில் எண்ணெய்க் கசிவு என்று செய்தி வந்ததும் அந்தப் பங்கை வாங்கலாமா? ஹண்டிங்டன் பீச் பற்றி ஒரு கேள்வி

லாங்பீச்_வாசி

வணக்கம். இங்கே பல நாளாகப் படிப்பதோடு சரி, கேள்வி கேட்பது இதுதான் முதல் முறை. கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெற்குக் கலிபோர்னியாவில் லாங் பீச் பக்கம் இருக்கிறேன். இங்கே கடற்கரையில் நின்றால் தூரத்தில் எண்ணெய் எடுக்கும் மேடைகள் தெரியும், நங்கூரம் போட்டு நிற்கும் கன்டெய்னர் கப்பல்களும் தெரியும். அலுவலக நண்பர் ஒருவர் பங்குச் சந்தையில் ஊறியவர். கடலில் எண்ணெய் கசிந்திருக்கலாம் என்று சந்தேகம் கிளம்பிய அன்றைக்கே அந்தக் கம்பெனி பங்கை வாங்கிவிட வேண்டும், எல்லாம் உறுதியாகட்டும் என்று காத்திருந்தால் விலை ஏறிவிடும் என்பது அவருடைய கொள்கை. அதற்கு 2021 அக்டோபரில் நடந்த ஹண்டிங்டன் பீச் கசிவைக் காட்டுகிறார். கசிந்த குழாயின் சொந்தக்காரரான ஆம்ப்ளிஃபை எனர்ஜி என்ற கம்பெனியின் பங்கு ஒரே நாளில் பாதிக்குப் பக்கமாக விழுந்தது, அடுத்த வருடமே பழைய விலையைத் தாண்டிவிட்டது. 2010இல் பெரிய கசிவில் மாட்டிய பிரிட்டிஷ் எண்ணெய்க் கம்பெனி பிபி கூட எழுந்துவிட்டதே என்கிறார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு ஒட்டவில்லை. நாங்கள் அவ்வப்போது நியூபோர்ட் பீச்சில் டோரி என்ற சின்னப் படகுக்காரர்களிடம் மீன் வாங்குகிறவர்கள். விடியற்காலையில் பிடித்ததைக் கரையிலேயே வைத்து விற்பார்கள், நண்டெல்லாம் உயிரோடு இருக்கும். கசிவு என்ற பேச்சு வந்தாலே முதலில் நிற்பது அவர்கள் பிழைப்பு. அதே நாளில் நான் கைபேசியில் வாங்கு பொத்தானை அழுத்துவது என்றால் ஏதோ நெருடுகிறது.

சரி, நெருடல் என் பாடு. தெரிந்தவர்கள் சொல்ல வேண்டியது மூன்று விஷயம். நண்பரின் கணக்கு நிஜமாகவே வேலை செய்யுமா? வெறும் சந்தேகம் என்ற கட்டத்தில் யாருக்காவது எதுவும் தெரிந்திருக்குமா? மீன்பிடிக்கிறவர்களுக்கு அந்த நேரத்தில் பணம் எங்கிருந்து, எப்போது வரும்?

---

ஹூஸ்டன்மணி

உங்கள் நண்பர் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு வந்து முதல் பக்கத்துக்கு அறிவுரை சொல்கிறார்.

2021இல் நடந்ததை நாள்வாரியாகப் பாருங்கள். அக்டோபர் 1 வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் கரையில் இருந்தவர்கள் எண்ணெய் நாற்றம் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். சனிக்கிழமை காலையில் உறுதியானது. அப்போது சந்தை மூடியிருக்கிறது. திங்கட்கிழமை திறந்ததும் பங்கு 40 சதவீதத்துக்கும் மேல் விழுந்துவிட்டது. அதாவது நண்பர் சொல்கிற அந்த "சந்தேக நாள்" சந்தையில் வரவே இல்லை, வெள்ளி மாலை மணி அடித்த பிறகு வந்து திங்கள் காலைக்குள் முடிந்துபோனது. குறைந்த விலையில் வாங்கியவர்கள் என்றால் விழுந்த பிறகு வாங்கியவர்கள்தான்.

சரி, அந்தத் திங்கட்கிழமை வாங்குகிறவருக்கு என்ன தெரியும்? கசிந்தது 1,26,000 கேலன் வரை இருக்கலாம் என்ற ஆரம்ப மதிப்பீடு. 1980ஆம் ஆண்டு வாக்கில் போட்ட குழாய். எல்லி என்ற மேடையிலிருந்து லாங் பீச் வரை 17 மைலுக்கு மேல் கடலடியில் ஓடுகிறது. கம்பெனி சின்னது, கடன் உண்டு. குழாய் ஏன் உடைந்தது என்று யாருக்கும் தெரியாது. துருப்பிடித்து உடைந்திருந்தால் முழுப் பழியும் கம்பெனிமேல்தான்.

அடுத்த சில நாளில்தான் கதை மாறியது. முங்குநர்கள் போய்ப் பார்த்தால் குழாய் ஒரு நீளத்துக்கு 105 அடி வரை பக்கவாட்டில் இழுபட்டுக் கிடக்கிறது, அதில் 13 அங்குலப் பிளவு. அதே வருடம் ஜனவரியில் அடித்த புயல்காற்றில் இரண்டு பெரிய கன்டெய்னர் கப்பல்களின் நங்கூரம் இழுத்துக்கொண்டு போனதுதான் மூல காரணம் என்று பின்னால் விசாரணையில் வந்தது. ஜனவரியில் இழுபட்டது அக்டோபரில் கசிந்திருக்கிறது. கசிந்த அளவும் கடைசியில் சுமார் 25,000 கேலன் என்று சுருங்கியது. இவ்வளவும் சேர்ந்துதான் பங்கைத் தூக்கியது, இதில் ஒன்றைக்கூட திங்கட்கிழமை ஊகித்திருக்க முடியாது.

அப்புறம், 2022இல் பழைய விலையைத் தாண்டியதற்கு வேறொரு பெரிய காரணம் இருக்கிறது. ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது, கச்சா எண்ணெய் பேரலுக்கு 100 டாலரைத் தாண்டியது. எண்ணெய்க் கம்பெனிகள் அநேகமாக எல்லாமே அந்த வருடம் ஏறின. ஆம்ப்ளிஃபைக்கு ஓக்லஹோமா, டெக்சாஸ், வயோமிங் என்று தரையிலும் கிணறுகள் இருந்தன, அதனால் கடல் வயல் 2023 ஏப்ரல் வரை மூடிக்கிடந்தும் வண்டி ஓடியது. உற்பத்தி நின்ற காலத்துக்கு இன்சூரன்ஸ் பணமும் வந்தது. இதையெல்லாம் "கசிவு என்றால் வாங்கு" என்ற ஒரு வரியில் அடக்கினால் எப்படி?

இதற்கு நேர் எதிரான ஒரு கதையும் அதே கலிபோர்னியாவில் இருக்கிறது, உங்கள் நண்பர் அதைச் சொல்ல மாட்டார். 2015 மே மாதம் சான்டா பார்பரா பக்கத்தில் ரெஃபுகியோ கடற்கரையை ஒட்டி பிளெய்ன்ஸ் கம்பெனியின் 901ஆம் எண் குழாய் உடைந்தது. இது நிஜமாகவே அரிப்பு. குழாய் தரையில்தான் இருந்தது, எண்ணெய் வழிந்து கடலுக்குள் போனது. குழாயை மூடினார்கள். அந்தக் குழாயை நம்பி ஹாலி என்ற கடல் மேடையை நடத்திக்கொண்டிருந்தது வெனோகோ என்ற இன்னொரு கம்பெனி. கசிவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் எடுத்த எண்ணெயை அனுப்ப வழியில்லாமல் 2017இல் திவாலாகி, குத்தகையை விட்டுவிட்டுப் போய்விட்டது. கிணறுகளை அடைக்கும் வேலை மாநில அரசின் தலையில் விழுந்தது. ஆக, கசிந்தது யார் குழாயோ, செத்தது யார் கம்பெனியோ.

பிபி எழுந்துவிட்டது என்பதும் தப்பு. 2010 ஏப்ரல் 20இல் மெக்சிகோ வளைகுடாவில் பிபிக்காகக் கிணறு தோண்டிய டீப்வாட்டர் ஹொரைசன் என்ற மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள், ஜூன் முடிவதற்குள் பங்கு பாதிக்கும் கீழே போனது, டிவிடெண்ட், அதாவது பங்குதாரருக்குத் தரும் லாபப் பங்கை நிறுத்தினார்கள். லண்டன் சந்தையில் வெடிப்புக்கு முந்தைய விலையைப் பத்து வருடம் கழித்தும் அது தொடவில்லை. இங்கிலாந்தில் ஓய்வூதிய நிதிகள் எல்லாம் பிபி டிவிடெண்டை நம்பி இருந்தவை, அங்கே பென்ஷன்காரர்கள் வயிற்றில்தான் முதல் அடி.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் பிபியிலேயே இருக்கிறது. கிணற்றிலிருந்து நாளொன்றுக்கு 5,000 பேரல் வருகிறது என்று கம்பெனி முதலீட்டாளர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அரசு நிபுணர் குழு கடைசியில் சொன்னது ஆரம்பத்தில் 62,000, அடைக்கும் நேரத்தில் 53,000. பத்து மடங்குக்கும் மேல் வித்தியாசம். கம்பெனிக்குள்ளேயே இதைவிடப் பெரிய மதிப்பீடுகள் இருந்தும் சொல்லவில்லை என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் வழக்குப் போட்டு, 2012இல் பிபி 52.5 கோடி டாலர் கட்டியது. முதல் வாரத்து எண்ணை நம்பி வாங்கியவர் எதை நம்பி வாங்கினார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

---

சும்மா_சொன்னேன்

மணி சார் பிரமாதம். ஆனால் மூன்றாவது கேள்வி என்று ஒன்று இருந்தது. அதற்கும் யாராவது பதில் சொல்வீர்களா, இல்லை எல்லாரும் சார்ட் பார்க்கப் போயாச்சா?

---

பாறையெண்ணெய்

மூன்றாவதற்கு வேறு யாராவது வரட்டும், எனக்குத் தெரிந்தது இரண்டாவது. பெட்ரோலிய வேதியியல் படித்தவன்.

கடலில் படலம் தெரிந்தால் அது கசிவுதான் என்று கலிபோர்னியாவில் சட்டென்று சொல்ல முடியாது. அங்கே கடலடியில் இருந்து எண்ணெய் தானாகவே ஊறி வரும். சான்டா பார்பராவுக்குப் பக்கத்தில் கோல் ஆயில் பாயிண்ட் என்ற இடத்தில் மட்டும் தினமும் சுமார் 100 பேரல் இப்படி வருகிறது என்பார்கள். கரையில் ஒதுங்கும் தாரை வைத்துத்தான் சூமாஷ் பழங்குடி மக்கள் பலகைப் படகின் இணைப்புகளை அடைத்தார்கள், கம்பெனி வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னால். அதனால் அங்கே கடற்கரையில் நடந்தால் காலில் தார் ஒட்டுவது சாதாரணம்.

யாருடைய எண்ணெய் என்று கண்டுபிடிக்க ஹோப்பேன், ஸ்டெரேன் என்று சில மூலக்கூறுகளைப் பார்ப்பார்கள். அவை வெயிலிலும் அலையிலும் சீக்கிரம் அழியாது, ஒவ்வொரு எண்ணெய்க்கும் அவற்றின் விகிதம் வேறு. மாதிரியைச் சந்தேகப்படும் குழாயின் எண்ணெயோடு ஒப்பிட்டால் பொதுவாகச் சொல்லிவிடலாம். சிக்கல் என்னவென்றால் தெற்குக் கலிபோர்னியாவில் தானாக ஊறுவதும் கிணற்றில் எடுப்பதும் பெரும்பாலும் மான்டரே என்ற ஒரே பாறை அடுக்கிலிருந்துதான். அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

2024 மார்ச்சில் இதேதான் நடந்தது. ஹண்டிங்டன் பீச்சுக்கு வெளியே இரண்டு மைலுக்கு மேல் நீளமான படலம், கடலோரக் காவல்படை ஓடிவந்து சுமார் 85 கேலன் அள்ளியது. பக்கத்திலேயே மேடைகள் இருப்பதால் எல்லாரும் ஆம்ப்ளிஃபை பக்கம் திரும்பினார்கள், பங்கும் சரிந்தது. எங்கள் வேலைகளில் கசிவு எதுவும் தெரியவில்லை என்றது கம்பெனி. ஆய்வகத்து முடிவு வந்தது: கடலில் அதிகம் சிதையாத கச்சா எண்ணெய், மான்டரே பாறையைச் சேர்ந்தது, ஊற்றா உற்பத்தியா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அவ்வளவுதான், முடிந்தது. அந்த வாரம் பயந்து விற்றவருக்கும் துணிந்து வாங்கியவருக்கும் இன்றுவரை விடை கிடையாது.

இன்னொன்று, "சந்தேகம்" என்ற கட்டம் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தொடங்குவதில்லை. 2021இல் முதல் கசிவு எச்சரிக்கை மணி கட்டுப்பாட்டு அறையில் வெள்ளி மாலை 4:10க்கே அடித்துவிட்டது. மறுநாள் காலைக்குள் எட்டு முறை அடித்தது. கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி இடத்தைத் தப்பாகக் காட்டியதால், மேடையில் தேடினார்கள், அங்கே ஒன்றுமில்லை, பொய் எச்சரிக்கை என்று நினைத்து நிறுத்துவதும் மறுபடி ஓட்டுவதுமாக இருந்து, கடைசியாகக் காலை ஆறு மணிக்குத்தான் மூடினார்கள். ஏறக்குறைய 14 மணி நேரம். எதிரே நங்கூரமிட்டிருந்த கப்பல் ஒன்று மாலை ஆறு மணிக்கு மேல் படலம் தெரிகிறது என்று தகவல் கொடுத்திருக்கிறது, இருட்டில் சரிபார்க்க முடியவில்லை. கரையில் இருந்தவர்களுக்கு மூக்குதான் கருவி.

---

லாங்பீச்_வாசி

மணி சார், பாறையெண்ணெய் சார், நன்றி. வெள்ளிக்கிழமை மாலை 4:10 விஷயம் எனக்குத் தெரியாது. அந்த வார இறுதியில் ஹண்டிங்டன் பீச்சில் விமானக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது, ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியை ரத்து செய்தார்கள். ஓட்டல்காரர்கள் எல்லாம் அந்த ஒரு வார இறுதிக்காக மொத்தமாகச் சரக்கு வாங்கி வைத்திருப்பார்கள். அவர்கள் கதை என்ன? அப்புறம் மீனவர்கள்?

---

எண்ணூர்க்காரி

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

முதலில் உங்கள் ஊர்க் கதை. கசிவு தெரிந்த அடுத்த நாளே மாநில அரசு மீன்பிடிக்கத் தடை போட்டது. கடைசியில் அது சுமார் 650 சதுர மைல் வரை போனது, நவம்பர் 30 வரை நீடித்தது. மீன் கெட்டிருக்கிறதா என்று பரிசோதித்த பிறகு போட்ட தடை இல்லை, கெட்டிருக்கலாம் என்பதற்காகப் போட்டது. அது சரியான முடிவுதான், விஷ மீன் சந்தைக்கு வந்தால் அதன் பிறகு எவனும் அந்தக் கரையில் மீன் வாங்க மாட்டான். ஆனால் காலத்தைப் பாருங்கள். அங்கே சிங்கி இறால் சீசன் திறப்பது அக்டோபர் முதல் வாரத்தில், முதல் சில வாரங்களில்தான் பிடிபடுவது அதிகம். சரியாக அந்த நேரத்தில் கூண்டெல்லாம் கரையில் கிடந்தது. பங்குக்காரருக்கும் மீன்காரருக்கும் ஒரே சந்தேகத்தில்தான் அடி விழுகிறது, ஆனால் பங்குக்காரருக்கு விற்பதா வைத்திருப்பதா என்ற தேர்வாவது இருக்கிறது. தடைசெய்த கடலில் மீனவனுக்கு எந்தத் தேர்வும் இல்லை.

பணம் எப்போது வந்தது? கம்பெனி 5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது 2023இல். அதில் மீன்பிடித் தொழிலுக்கு 3.4 கோடி, கரையோரச் சொத்துக்காரர்களுக்கு 90 லட்சம், நீங்கள் கேட்ட சுற்றுலாத் தொழிலுக்கு 70 லட்சம். கப்பல் கம்பெனிகள் தனியாக 4.5 கோடி. மொத்தம் 9.5 கோடி, அதிலும் வக்கீல் கட்டணம் போகத்தான் மீதி. அதே 2023இல் நங்கூரத்தால் எங்கள் குழாய் கெட்டது என்று கம்பெனி கப்பல்காரர்களிடமிருந்து வாங்கிக்கொண்டது எவ்வளவு தெரியுமா? 9.65 கோடி டாலர். கரையோர மக்கள் எல்லாருக்கும் சேர்த்துக் கிடைத்ததைவிடக் கொஞ்சம் கூடவே. பங்குக்காரர் இதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பார், தப்பில்லை, குழாய் நிஜமாகவே அவர்களால்தான் கெட்டது. நான் சொல்வது வேறு. கம்பெனிக்கு யாரிடமாவது திருப்பிக் கேட்க வழி இருக்கிறது. அந்தப் படகில் கூலிக்குப் போகிறவனுக்கு அப்படி யாரும் இல்லை.

ஆனாலும் உங்கள் ஊர் மீனவர்களிடம் ஒரு பலம் இருக்கிறது, அது காகிதம். கலிபோர்னியாவில் கரைக்கு வரும் மீனை எடைபோட்டு ரசீது எழுதி மாநிலத்துக்கு அனுப்புவது சட்டம். போன அக்டோபரில் இவ்வளவு பிடித்தேன், இந்த அக்டோபரில் பூஜ்யம் என்று காட்டலாம். லூசியானாவில் பிபி கசிவின்போது வியட்நாமியக் குடும்பங்கள் பல இதில்தான் மாட்டிக்கொண்டன. அங்கே இறால் படகுகளில் அவர்கள் பெரும் பங்கு. சின்னப் படகுகளில் ரொக்கத்துக்கு விற்றது, வீட்டுக்கு எடுத்துப்போனது, சொந்தக்காரருக்குக் கொடுத்தது எதற்குமே கணக்கு கிடையாது. மொழிச் சிக்கல் வேறு. வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிடித்த மீனுக்கும் இழப்பீடு உண்டு என்று பின்னால் சேர்த்தார்கள், ஆனால் வீட்டில் எவ்வளவு மீன் சாப்பிட்டாய் என்று நிரூபிக்கச் சொன்னால் யார் என்னத்தைக் காட்டுவது?

இனி எங்கள் பக்கம். எண்ணூரில் இரண்டு முறை பார்த்துவிட்டோம். 2017 ஜனவரி 28இல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. முதலில் வந்த செய்தி எண்ணெய் எதுவும் கசியவில்லை என்பது. இரண்டு நாளில் பாறை எல்லாம் கறுப்பு. வாளியால் அள்ளினார்கள், உலகமே அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தது. அப்புறம் 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் மழை வெள்ளத்தோடு மணலி பக்கத்திலிருந்து எண்ணெய் இறங்கி, கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் வரை வந்து கடலுக்கும் போனது. இது கடலில் ஆரம்பித்த கசிவு இல்லை, ஆனால் கரைக்காரனுக்கு எண்ணெய் எந்தப் பக்கமிருந்து வந்தால் என்ன? அப்போதும் அதே முதல் கட்டம்தான். குழாயில் கசிவே இல்லை என்றது மணலியில் சுத்திகரிப்பு ஆலை வைத்திருக்கும் சென்னை பெட்ரோலியம், வளாகத்தில் மழைநீரைச் சரியாகக் கையாளாததால் அங்கிருந்துதான் வெளியேறியது என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். விஷயம் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது.

தமிழக அரசு அறிவித்த நிவாரணம்: நேரடியாகப் பாதிக்கப்பட்ட 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000, மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. மொத்தம் எட்டரைக் கோடி ரூபாய் சொச்சம். ஹண்டிங்டன் பீச்சில் மீனவர்களுக்கு மட்டும் ஒதுக்கியது அன்றைய மதிப்பில் 270 கோடி ரூபாய்க்கு மேல். பணத்தின் மதிப்பு வேறு, ஊர் வேறு, தெரியும், இருந்தாலும் ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. எண்ணெய் பட்ட நைலான் வலையைக் கழுவியெல்லாம் எடுக்க முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான். முகத்துவாரத்தில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களுக்குப் படகே இல்லை, அதனால் படகுத் தொகையும் இல்லை. எண்ணூர் மீன் என்று சொன்னால் சந்தையில் ஆள் ஒதுங்கிப் போவதற்கு எந்த வரியிலும் ரூபாய் கிடையாது.

உங்கள் நண்பருக்காக ஒரு தகவல்: சென்னை பெட்ரோலியமும் பட்டியலிட்ட பங்குதான். 2024 தொடக்கத்தில் நன்றாக ஏறியது, சுத்திகரிப்புக் கம்பெனிகளுக்கு நல்ல காலம் அது. அவர் கணக்குப்படி பார்த்தால் எண்ணூர் கசிவும் வாங்க நல்ல நேரம்தான்.

---

ஹூஸ்டன்மணி

எண்ணூர்க்காரி அம்மா சொன்னதில் எனக்குச் சண்டை எதுவும் இல்லை, ஒரே ஒரு இடத்தில் தவிர. பங்குக்காரர் என்றால் ஏதோ பெரிய ஆள் என்று ஆகிவிடுகிறது. பிபியில் அடிபட்டவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் நகராட்சி ஊழியர்களும் உண்டு, அவர்களில் பலருக்குத் தாங்கள் பிபி வைத்திருப்பதே தெரியாது. லாங்பீச்_வாசி தம்பியின் ஓய்வூதியக் கணக்கில் ஏதாவது குறியீட்டு நிதி (சந்தையின் பல பங்குகளை மொத்தமாக வாங்கி வைக்கும் நிதி) இருந்தால் அவரும் இப்போதே நாலு எண்ணெய்க் கம்பெனியின் பங்குதாரர்தான். வாங்கு பொத்தானை அழுத்தாமல் இருப்பதால் மட்டும் வெளியே நிற்பதாக நினைக்க வேண்டாம்.

இன்னொன்று, சந்தை அடிக்கும் அடிதான் கம்பெனி பயப்படும் ஒரே அடி. 2021 கசிவுக்கு அலட்சியமாக எண்ணெயை வெளியேற்றியது என்று மத்திய நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், அபராதம் 71 லட்சம் டாலர். அந்தத் திங்கட்கிழமை ஒரே நாளில் பங்குச் சந்தையில் கரைந்தது அதைப்போல் பல மடங்கு. அடுத்த முறை எச்சரிக்கை மணி அடித்தால் குழாயை உடனே மூடுங்கள் என்று மேலிடம் சொல்லுமானால் அது இந்தப் பயத்தில்தான்.

---

எண்ணூர்க்காரி

பயம் நல்லதுதான் மணி அண்ணா, ஆனால் ஒரு வருடத்தில் விலை திரும்பி வந்துவிட்டால் எவ்வளவு நாளைக்குப் பயம் இருக்கும்? தம்பியின் நண்பர் மாதிரி ஆட்கள் எல்லாரும் விழுந்த அன்றே வாங்கினால் விழவே விழாதே. அப்போது எதற்குப் பயப்படுவார்கள்?

---

ஹூஸ்டன்மணி

நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை. 

தம்பிக்குக் கடைசியாக: வாங்கியே தீருவேன் என்றால் கசிவு நாளில் வாங்காதீர்கள், சாதாரண நாளில் ஆண்டறிக்கையை எடுத்து நாலு இடத்தைப் படியுங்கள். எத்தனை வயல், எல்லாம் ஒரே குழாயை நம்பியா? கடன் எவ்வளவு, எப்போது கட்ட வேண்டும்? இன்சூரன்ஸ் சுத்தப்படுத்தும் செலவுக்கு மட்டுமா, உற்பத்தி நின்றாலும் உண்டா? கிணறுகளை அடைத்து மேடையைப் பிரிக்க ஒதுக்கிய பணம் போதுமா? அமெரிக்கச் சட்டப்படி கடல் மேடைகள் தர வேண்டிய இழப்பீட்டுக்கு உச்சவரம்பு உண்டு, 2021இல் அது சுமார் 13.8 கோடி டாலர், ஆனால் எண்ணெயை அள்ளும் செலவுக்கு வரம்பே கிடையாது, பெரிய அலட்சியம் என்று நிரூபித்தால் இழப்பீட்டு வரம்பும் போய்விடும். சின்னக் கம்பெனியைச் சாய்க்க இது ஒன்றே போதும்.

---

சும்மா_சொன்னேன்

நான் பேசாமல் ஃபிக்ஸட் டெபாசிட்டிலேயே இருந்துகொள்கிறேன்.

---

லாங்பீச்_வாசி

நண்பரிடம் இந்த இழையைக் காட்டினேன். வெள்ளி மாலையில் சந்தை மூடியிருந்ததைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் "மார்ச் 2024இல் திறந்துதானே இருந்தது" என்றார். அவர் திருந்த மாட்டார். நான் தனிப் பங்காக எதையும் வாங்கப் போவதில்லை. ஓய்வூதியக் கணக்கில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்தேன், மணி சார் சொன்னது சரி, மூன்று எண்ணெய்க் கம்பெனி இருக்கிறது.

ஒரு சின்னக் கேள்வி மட்டும். கடற்கரையில் நடக்கும்போது தாரோ படலமோ கண்ணில் பட்டால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? ஊற்றாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடலாமா?

---

பாறையெண்ணெய்

விடாதீர்கள். ஊற்றா இல்லையா என்று முடிவெடுப்பது ஆய்வகத்தின் வேலை. ஒரு காசளவு தார் உருண்டை ஒன்றிரண்டு கிடந்தால் அங்கே வழக்கமானதுதான். வழக்கத்தைவிட அதிகமாக இருந்தால், புதிதாகப் பளபளவென்று ஒழுகினால், நாற்றம் அடித்தால், பறவை இறக்கையில் ஒட்டியிருந்தால், உடனே கடலோரக் காவல்படை நடத்தும் நேஷனல் ரெஸ்பான்ஸ் சென்டர் என்ற, கசிவுத் தகவல் வாங்கும் மையத்துக்குச் சொல்லுங்கள், அங்கே நாள் முழுக்க ஆள் இருப்பார்கள். படம் எடுங்கள், இடமும் நேரமும் தெரிகிற மாதிரி. கையால் தொட வேண்டாம், பறவையை நீங்களே கழுவவும் வேண்டாம். 2021இல் அன்று சாயங்காலம் நாற்றம் என்று பலர் சொன்னார்கள், எங்கிருந்து என்று தெரியாமல் இரவு போய்விட்டது. நேரம் குறித்த தகவல் எவ்வளவு அதிகமாக வருகிறதோ அவ்வளவு சீக்கிரம் எந்தக் குழாயை மூடுவது என்று தெரியும், பின்னால் இழப்பீடு கேட்டு வழக்குக்குப் போகும் மீனவர்களுக்கும் அதே நேரக் குறிப்புதான் கையில் இருக்கும் ஆதாரம்.